தலைக்கணக்கு ஊழன்று!

காஞ்சிக்கு அணித்தே அமைந்த கூரம் எம் சிற்றூர். ஏழாம் நூற்றாண்டில் முதற் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவன் இங்கொரு கற்றளி எடுப்பித்து, அதன் பொருட்டுச் செப்பேடும் பொறித்து வைத்தான். அச் செப்பேட்டை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் ஒன்றைச் சுட்டிக் காட்ட நான் தவறுவதில்லை. பரமேசுவரமங்கலம் என்னும் ஊரை அவன் 25 பங்காக்கினான். கோயிற் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் 3 பங்கு. மண்டபத்திற்கு நீரும் தீயும் அளிக்க ஒரு பங்கு. அங்கே பாரதம் படிக்க ஒரு பங்கு. எஞ்சிய 20 பங்கும் நான்மறையாளர் இருபதின்மர்க்கு. பாலாற்று நீரைக் கொணரும் பெரும்பிடுகு வாய்க்காலும் அதிற் குறிக்கப்பட்டது. செக்கும் தறியும்கூட இடம்பெற்றன. நிலத்துக்குக் கணக்குண்டு, நீருக்குக் கணக்குண்டு, பங்கு பெற்றவனுக்கும் கணக்குண்டு. அந்நிலத்தை உழுத கைகளும் அத் தறியில் இருந்த கைகளும் எத்தனை என்பதற்கு மட்டும் கணக்கில்லை!

அன்றைய அக் குறை இன்று தீர்ந்துவிட்டது. 1871-72இல் தொடங்கி, 1881 முதற் பத்தாண்டுக்கொருமுறை முதலில் ஆங்கிலவரசும் பின்னர் நடுவணரசும் நம் தலைகளை எண்ணி வந்துள்ளன. 2021இல் எண்ணவேண்டியதை மட்டும் எண்ணாது விட்டு, 2027 மார்ச்சு முதல் நாளைக் கணக்கு நாளாகக் கொள்வதென்று 2025 சூன் 16இல் அறிவித்தனர். எண்ணுவதோடு அவர்கள் நிற்பதுமில்லை. இன்னும் பிறவாத தலைகளையும் எண்ணுகின்றனர். இருபது முப்பது ஆண்டுக்குப் பின்னர் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வாழ்வர், அவருள் முதியர் எத்துணையர், பள்ளிச் சிறார் எத்துணையர் என்று முன்கூட்டியே வரைந்துவைத்து, அவ் வரைவின்மேற் குடிநீர்க் குழாயும் பள்ளியும் சாலையும் மருத்துவமனையும் எழுப்பப்படுகின்றன. இதற்கு மக்கள்தொகை முன்கணிப்பு என்று பெயர். அதனை ஊழ்வினை போலக் கருதி நம்மவர் கைகட்டி ஏற்கின்றனர். அறிக்கை ஆங்கிலத்தில் இருத்தலான், அதன்மேல் ஓர் ஐயமும் எழுவதில்லை.

தமிழ்ப் புலவனுக்குக் கணக்கில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். நகைப்போர் நகைக்க. இது கணக்குச் சிக்கல் மட்டுமன்று, இலக்கணச் சிக்கலுமாகும். முன்கணிப்பு என்பது, 'இத்துணைப் பேர் ஆவர்' என்று முடிந்து நிற்கும் வினைமுற்றன்று. 'பிறப்பு இவ்வாறு குறையின், இறப்பு இவ்வளவே நேரின், வந்து குடியேறுவோர் இத்துணையரே ஆயின், இத்துணைப் பேர் ஆவர்' என்பதே அதன் முழுத் தொடர். செயின் என்னும் வாய்பாட்டு எச்சங்கள் மூன்றைச் சுமந்து நிற்கும் முற்று அது. அவ் வெச்சங்களை மறைத்துவிட்டு முற்றை மட்டும் மக்கள் முன் நீட்டுவதுதான் நான் எதிர்க்கும் தீங்கு.

முதலில் எளிய முறைகளைப் பார்ப்போம். பொறியாளர் ஒரு நகர்க்குக் குடிநீர்த் திட்டம் வரையும்போது முப்பதாண்டை முன்னோக்கியே குழாயின் அளவைத் தீர்மானிக்கின்றனர். அதற்கு அவர் கையாளும் வழிகள் பல. சென்ற பத்தாண்டில் எவ்வளவு பேர் கூடினரோ அவ்வளவே இனியும் கூடுவர் எனல் கூட்டல் முறை. எத்தனை விழுக்காடு வளர்ந்ததோ அத்தனை விழுக்காடே வளரும் எனல் பெருக்கல் முறை. வளர்ச்சியின் வளர்ச்சியையும் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. மூன்றும் பள்ளிப் பிள்ளைகளே போடக்கூடிய கணக்குகள். அவற்றின் கேடு அவ்வெளிமையிலேயே இருக்கின்றது. நேற்றைய கோட்டை நாளைக்கு நீட்டுவதன்றி அவை வேறொன்றும் அறியா.

காஞ்சியையே எடுத்துக்கொள்வோம். 2001இல் காஞ்சி நகராட்சியின் மக்கள் ஏறத்தாழ 1,53,000. 2011இல் ஏறத்தாழ 1,64,000. பத்தாண்டில் ஏழு விழுக்காட்டளவே வளர்ச்சி. அதே பத்தாண்டில் காஞ்சிபுர மாவட்டமோ 28,77,468இலிருந்து 39,98,252 ஆயிற்று. ஏறத்தாழ 39 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களுள் மிக உயர்ந்த வளர்ச்சி. மாவட்ட வளர்ச்சியை நகரின்மேல் ஏற்றிக் கணித்திருந்தால் 2011இல் காஞ்சியில் 2,13,000 பேர் இருந்திருக்க வேண்டும்! நகர வளர்ச்சியை மாவட்டத்தின்மேல் ஏற்றியிருந்தால் ஒன்பது இலக்கம் பேர் கணக்கிலேயே வந்திரார். இரண்டும் பெருக்கல் முறைதான். பெருக்கலிற் பிழை ஏதுமில்லை. எந்த எண்ணை எதன்மேல் ஏற்றினோம் என்பதிலேதான் பிழை.

அந்த ஏழு விழுக்காடும் முழு உண்மையன்று. நகர் வளரவில்லையா? வளர்ந்தது, ஆனால் நகராட்சி எல்லைக்கு வெளியே ஓரிக்கையிலும் செவிலிமேட்டிலும் வளர்ந்தது. குழாய் நீருக்கும் கழிவு நீருக்கும் எல்லைக்கல் எது என்று தெரியுமா? எல்லை மாறுந்தோறும் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒட்டாமற் போகின்றன. 2019 நவம்பர் 29இல் செங்கழுநீர்ப்பட்டு தனி மாவட்டமாயிற்று. இனிக் காஞ்சி மாவட்டத்தின் எண்ணை 2011ஆம் ஆண்டின் எண்ணோடு அப்படியே ஒப்பிட்டு, 'மக்கள் பாதியாய்க் குறைந்தனர்' என்று ஒருவர் எழுதினும் நான் வியப்படையேன். எழுதுவோர் இருக்கின்றனர்.

இக் குறைகளை நீக்க வந்ததே அகவைக்குழு முறை. 1895இல் எட்வின் கேனன் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் இங்கிலாந்து, வேல்சு மக்கள்தொகைக்கு இவ்வழியைக் கையாண்டார். பின்னர் உலகெங்கும் இதுவே நிலைபெற்றது. பள்ளியாசிரியனுக்கு இம் முறை அயலானதன்று. இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பில் இருப்போரே அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பினர்; இடையில் நின்றோரைக் கழித்து, வேற்றூரிலிருந்து வந்து சேர்ந்தோரைக் கூட்டினால் எத்தனை விசிப்பலகை வேண்டும் என்பது தெரிந்துவிடும். அவ்வாறே மக்களையும் ஆண் பெண் எனப் பிரித்து ஐந்தைந்து அகவைக் குழுக்களாக அடுக்கி, ஒவ்வொரு குழுவையும் ஐந்தாண்டு முன்னே நகர்த்தி, இறந்தோரைக் கழித்து, 15 முதல் 49 வரை அகவையுடைய மகளிர் ஈனும் மகவைக் கீழே சேர்த்து, வந்தோரைக் கூட்டிச் சென்றோரைக் கழிப்பர். சிறந்த முறை, ஐயமில்லை. ஆனால் இதற்கும் மூன்று எடுகோள்களை மாந்தரே ஊட்ட வேண்டும்: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு. முதலிரண்டும் மெல்ல மாறுவன. அவற்றை ஓரளவு முன்னறியலாம். மூன்றாவது அப்படியன்று. ஒரு தொழிற்சாலை திறந்தால் ஊர் நிறையும். ஓர் ஆறு வறண்டால் ஊர் வெறிச்சிடும்.

நடுவணரசு அமைத்த வல்லுநர் குழு 2006இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2001ஆம் ஆண்டுக் கணக்கை அடியாகக் கொண்டு, மேலே சொன்ன அகவைக்குழு முறையாற் கணித்த அறிக்கை அது. 2011இல் தமிழ்நாட்டு மக்கள் ஏறத்தாழ 6.74 கோடியினர் ஆவர் என்பது அதன் கணிப்பு. 2011இல் வீடுவீடாகச் சென்று எண்ணியபோது கண்டதோ 7,21,47,030! 2001இன் எண் 6,24,05,679. ஆகவே, பத்தாண்டில் 50 இலக்கம் பேர் கூடுவர் என்று குழு சொல்ல, கூடினோர் 97 இலக்கம் பேர். ஏறத்தாழ இரட்டிப்பு! அதே குழு, அதே முறையால், கேரளத்திற்கு ஏறத்தாழ 3.45 கோடி என்று கணித்தது. அங்கே கண்டதோ 3.34 கோடி. நமக்குக் குறைத்தது, அவர்க்குக் கூட்டியது.

கணிப்பில் விடுபட்ட அந்த 47 இலக்கம் பேரை வெறும் எண்ணென்று எண்ணற்க. கழிவுநீர்க் குழாயமைப்புள்ள நகர்க்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் நீர் என்பது திட்ட அளவு. அவ்வளவிற் பார்த்தால் 47 இலக்கம் பேர்க்கு நாள்தோறும் 63 கோடி லிட்டர் வேண்டும். அனைவரையும் சிற்றூரார் என்றே கொண்டு 55 லிட்டராகக் குறைத்தாலும் ஏறத்தாழ 26 கோடி லிட்டர். 2004இல் சென்னைக்கு நீர் வழங்கத் தொடங்கிய புதிய வீராணத் திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர்தான். ஒரு வீராணமும் அரை வீராணமும் சேர்ந்த நீருக்கு உரியவர்கள், குறைந்த அளவிற் பார்த்தாலும், திட்டத் தாளில் இல்லாமலே இங்கு வாழ்ந்திருக்கின்றனர். குழாயடியிற் குடங்கள் நீண்டதற்கும் வகுப்பறையிற் பிள்ளைகள் நெருங்கியதற்கும் ஏது கேட்டால், 'மக்கள் பெருகிவிட்டனர்' என்று அலுவலர் விடை சொல்வர். மக்கள் பெருகினரா, கணிப்பு சிறுகிற்றா?

இம் மிகுதி பிறப்பால் வந்ததன்று. அப் பத்தாண்டிலும் தமிழகத்திற் பிறப்பு குறைந்துகொண்டேதான் வந்தது. பிறப்பாலன்றித் தலை இவ்வளவு கூடுவதற்குப் பெருவழிகள் இரண்டு: வெளியிலிருந்து வந்தோர் மிகுந்திருக்க வேண்டும், அன்றி, முன்னை எண்ணுகையில் விடுபட்டோர் பின்னைச் சேர்ந்திருக்க வேண்டும். திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் எழுந்த பத்தாண்டு அது என்பதை எம் பகுதியார் மறக்க மாட்டார். பிள்ளையார்பாளையத்தில் தந்தை பட்டுத்தறியில் இருக்க, மகன் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்பான். அதே சாலையோரம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர் ஓரறையிற் பலராய்த் தங்கியிருப்பர். இவ் விருவகைப் பெயர்ச்சியும் சென்ற பத்தாண்டின் கோட்டை நீட்டினால் அகப்படுவனவா?

இங்கே நம் அன்பர்க்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். வடவர் வரவைப் பேசும்போது நம் மேடைகளில் இலக்கக் கணக்கிலும் கோடிக் கணக்கிலும் எண்கள் பறக்கின்றன. அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் விடையில்லை. அரசின் எண்ணை ஐயுறும் நாம் நம் எண்ணையும் ஐயுற வேண்டாவா? வந்து உழைக்கும் எளியவன்மேல் எனக்குப் பகையில்லை. அவனுக்கும் நீர் வேண்டும், அவன் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியில் இடம் வேண்டும். அவன் கணக்கில் இல்லாமையே அவனுக்கும் கேடு, நமக்கும் கேடு.

வருவோர்க்கு ஒரு கட்டம் இருந்தாலும், பெயர்க்கப்படுவோர்க்குக் கட்டமே இல்லாத கணிப்புகளும் உண்டு. எம் கூரத்திற்கு அண்மையிலுள்ள பரந்தூரில் புதிய வானூர்தி நிலையம் அமையும் என்று 2022 ஆகத்துத் திங்களில் அறிவித்தபோது, ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணியரைத் தாங்கும் நிலையம் என்றனர். பத்துக் கோடிப் பயணியர்க்குக் கணக்கு இருந்தது. ஏகனாபுரத்து உழவன் ஏரியையும் வயலையும் விட்டு எந்த ஊர்க் கணக்கிற் போய்ச் சேர்வான் என்பதற்குக் கணக்கில்லை. அவ்வூரார் போராடியதில் வியப்பென்ன?

ஊழி போல் வரும் கேடுகளோ எந்த எடுகோளுக்கும் அடங்கா. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தால், 1881இல் சென்னை மாகாண மக்கள்தொகை 1871இல் இருந்ததைவிடக் குறைந்தே காணப்பட்டது. 1918இன் நச்சுக் காய்ச்சலால் இந்திய மக்கள்தொகை 1911க்கும் 1921க்கும் இடையே சுருங்கிற்று. இவற்றை முன்னறியவில்லை என்று எவரையும் பழிப்பதற்கில்லை.

பழிக்க வேண்டியது வேறொன்று. எண்ணின்மேல் இருக்கையை ஏற்றி வைத்திருக்கும் ஏற்பாட்டையே சொல்கின்றேன். 1962 தேர்தலில் நமக்கு நாடாளுமன்றத்தில் 41 இருக்கைகள், 1967இல் 39. நாம் அன்று எக் குற்றமும் செய்திலேம். பிற மாநிலங்கள் அளவு பெருகாமற் போனோம், அவ்வளவே. (இழந்த அவ் விரு இருக்கைகட்கு ஈட்டுத்தொகை தந்தால் என்ன என்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் வினவியதை அன்பர்கள் நினைவிற் கொள்க.) 1976 ஏப்பிரலில் நடுவணரசு வெளியிட்ட மக்கள்தொகைக் கொள்கை, குடும்பநலத்தைச் செவ்வனே செய்யும் மாநிலம் இருக்கையிழத்தல் கூடாதென்று, 1971ஆம் ஆண்டுக் கணக்கை 2001 வரை நிறுத்தி வைத்தது. அவ்வாண்டே 42ஆம் சட்டத்திருத்தம் அதனை உறுதி செய்தது. 2002இன் 84ஆம் திருத்தம் அத் தடையை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டியது. ஒன்றை நோக்குக: 1976இல் தடையிட்டவர் நெஞ்சிலும் ஒரு முன்கணிப்பு இருந்தது. இருபத்தைந்து ஆண்டில் எல்லா மாநிலங்களும் ஒரே அளவிற்கு வந்துவிடும் என்பதே அது. வந்தனவா? மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஒரு பெண் தன் வாழ்நாளில் ஈனும் மகவு தமிழ்நாட்டில் 1.4, பீகாரில் 3.0. ஐம்பதாண்டு நெருங்கியும் பொய்த்த கணிப்புக்கு யார் பொறுப்பேற்பது?

1971இல் இந்திய மக்களுள் நாம் நூற்றுக்கு ஏழரை. 2011இல் நூற்றுக்கு ஆறினும் சற்றே குறைவு. 543 இருக்கைகளை 2011ஆம் ஆண்டின் தலைக்கணக்கின்படி அப்படியே பிரித்துப் பார்த்தால் நமக்கு 32 அளவே தேறும்; உத்தரப்பிரதேசத்தின் 80 ஏறத்தாழ 90 ஆகும். 'தலைக்கொரு வாக்கு, வாக்குக்கொரே மதிப்பு என்பதுதானே குடியரசு? பீகாரியின் வாக்கு மட்டும் மெலிந்தது ஆகலாமா?' என்று எதிர்ப்போர் வினவுகின்றனர். வினா நேரியதே, அதை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் ஒற்றையாட்சி நாட்டுக்கே அது முழு விடையாகும். பல மொழித் தேயங்களைச் சேர்த்துக் கட்டிய ஒன்றியத்தில், தலைக்கும் மதிப்பு வேண்டும், தேயத்துக்கும் மதிப்பு வேண்டும். அமெரிக்க மேலவையிற் சிறிய மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் இவ்விரண்டே இருக்கைகள். அங்ஙனம் ஒரு தாங்கல் இங்கில்லை. திட்டக் குழுவின் சொற்கேட்டுப் பிறப்பைக் குறைத்தவனை, அக் குறைவையே காட்டி அவையில் சிறுபான்மையாக்குதல் எந்த அறம்? 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டமும் பன்மாநிலத் தலைவர் கூட்டமும் கூடி இதையே பேசின. பேசியது நன்று. ஆயினும் ஒவ்வொரு பேச்சாளரும் இருக்கை எண்ணைச் சொன்னாரேயன்றி, அவ்வெண் எந்த எடுகோளின்மேல் நிற்கின்றது என்பதை ஊரார்க்கு விளக்கவில்லை என்பதே என் குறை.

தலை குறைந்தால் இருக்கை குறைதல் எத்தகையது என்பதை ஈழத்து உடன்பிறப்புகள் பட்டறிந்துவிட்டனர். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற்கு 2010இல் 9 உறுப்பினர், 2015இல் 7, 2024இல் 6. மகவு குறைந்ததாலன்று; போர் துரத்தியதால் மக்கள் கடல்கடந்தனர், வாக்காளர் பட்டியல் மெலிந்தது, அவையிற் குரலும் மெலிந்தது. இடப்பெயர்வு என்னும் அந்த மூன்றாம் எடுகோளுக்குள் குண்டுவீச்சும் அடங்கும், இசைவொப்பந்தமும் அடங்கும். 1964இன் சிரிமா–சாத்திரி உடன்பாட்டில், மலையகத் தமிழர் 9,75,000 பேரை 5,25,000 இங்கே, 3,00,000 அங்கே, மிச்சம் 1,50,000 பின்னர் பார்க்கலாம் என்று தாளிற் கூறுபோட்டனரே! அதனினும் கொடிய முன்கணிப்பு ஒன்றுண்டோ? அங்கே எண்ணப்பட்டவரை எவரும் ஒரு சொற் கேட்டிலர்.

ஆகவே நான் வேண்டுவது பெரிதொன்றுமன்று. தமிழ்நாட்டு அரசு, நடுவணரசின் கணிப்பை எதிர்பார்த்திராது, தானே மாவட்டந்தோறும் வட்டந்தோறும் முன்கணித்து வெளியிடுக. ஒற்றை எண்ணைத் தராது உயர்வு, நடு, தாழ்வு என்று மூன்றையும் தருக. உலக ஒன்றியமே அவ்வாறுதான் தருகின்றது. ஒவ்வொரு கணிப்பின் கீழும் அதன் எடுகோள்களைத் தமிழில், ஊர்மன்றத்திற் படித்துக் காட்டத்தக்க தமிழில், எழுதுக. எடுகோள், அகவைக்குழு, கருவளவீதம், உள்வரவு, வெளிச்செலவு என்று சொற்களுக்குக் குறைவா? முந்தைய கணிப்பு எவ்வளவு தவறிற்று என்பதையும் அதே தாளில் அச்சிடுக. கணித்தவர் நாணுவர், நாணட்டும். ஊராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவையும் ஆண்டுதோறும் ஒருங்குவைத்துப் பார்த்தாலே, பத்தாண்டு காத்திராமல் ஊரின் போக்கை அறியலாம். அவ் விரண்டும் ஏற்கெனவே எழுதப்படுகின்றன, ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

சென்ற கோடை விடுமுறைக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவரைக் குறிப்பேட்டோடு தெருத்தெருவாக அனுப்பினேன். வீட்டில் எத்தனை பேர், அகவை என்ன, ஐந்தாண்டில் வந்தவர் யார், போனவர் யார், தறி ஓடுகின்றதா என்று எழுதிவரச் சொன்னேன். முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், 'எதற்கடா எண்ணுகிறாய், வரி போடவா?' என்று கேட்டிருக்கின்றார். 'இல்லை ஆயா, நீரளக்க' என்று பையன் சொன்னானாம். பட்டியலைத் திருத்துகையில் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். பூட்டிய வீடு, உள்ளே தறி, வீட்டார் ஒரகடத்தில் வாடகைக்கு இருக்கின்றனர், திருவிழாவுக்கு மட்டும் வருகின்றனர். 'ஐயா, இவர்களை நம் ஊரில் எழுதுவதா, அந்த ஊரில் எழுதுவதா?' என்றாள். குடும்ப அட்டை இங்கேதான் இருக்கின்றது, பிள்ளைகள் படிப்பது அங்கே என்றும் சொன்னாள். இரண்டு கட்டத்திலும் எழுதி, ஓரத்தில் ஒரு வினாக்குறி இடு என்றேன்.